என் பெயருக்கு அடியில்

மார்த்தாண்டம்
12 நவம்பர் 2024

அன்புள்ள மேபலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். வலது முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்க முடியாது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது, அனீஷும் அவன் மனைவியும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. போன வாரம் நீ போனில் கூப்பிட்டாய் என்று நினைக்கிறேன். எடுத்தேன். காதில் மாட்டிய மெஷினும் போனும் ஒன்று சேர்ந்தால் எனக்குக் கேட்பது முட்டத்துக் கடல்தான். வைத்துவிட்டேன். நீ எழுதினால் போதும். எழுத்து எனக்கு நன்றாகக் கேட்கிறது.

இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது. வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு வருவதற்கு முன் நானே சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக்குப் பின்னால், சானல் வாய்க்காலுக்கு அக்கரையில் நேசபாய் என்று ஒருத்தி குடியிருக்கிறாள். அண்டியாபீசில் முந்திரி உடைக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் ஜாஸ்மி, நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன மாதக் கடைசியில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த பிள்ளையை, கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரி ஒன்று அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டது.

நேசபாய் போவது ஒரு ஷெட்டில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்கு. அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. அவள் வீடு இருப்பது இரண்டு சென்டில். கிணறு பக்கத்தில் இருக்கிறது, இங்கே புதைக்கக் கூடாது என்று சுற்றி இருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நம் சபையில் வந்து கேட்டார்கள். சபையில் சேராதவர்களுக்குப் புது இடம் கொடுக்க விதி இல்லை என்று கமிட்டி சொன்னது. வெளியே நல்ல மழை. பிள்ளை ஐஸ் பெட்டியில் கிடந்தது. நேசபாய் கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. போதகர் ஐயா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கமிட்டிச் செயலாளர், "புது இடம்தான் கொடுக்க முடியாது. குடும்பக் கல்லறை என்றால் அது குடும்பத்தாரின் பாடு" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். நான் எழுந்து, "அப்படியானால் என் இடம் இருக்கிறது. அதில் வையுங்கள்" என்றேன்.

உன் அண்ணனுக்கு இடப்பக்கம், எனக்கென்று கட்டிப் போட்டிருந்த அறையில் அந்தப் பிள்ளையை அடக்கம் பண்ணினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா என் பெயரைச் சொல்லியே பிரசங்கம் பண்ணினார். தன் கணவருடைய பக்கத்து இடத்தையே கொடுத்த தியாகம் என்றார். முன் வரிசையில் இருந்ததால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

குளிருக்குக் காலில் உறை போட்டுக்கொள்.

அன்புள்ள மைனி,
ஹெலன் தங்கபாய்


பிலாய்
24 நவம்பர் 2024

அன்புள்ள மைனிக்கு,

இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை கூடித்தான் இருக்கிறது. கூடாமல் என்ன செய்யும்?

உங்கள் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அனீஷுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். ஒரு வார்த்தை எழுதவில்லை, போட்டோ மட்டும். நம் குடும்பக் கல்லறை. உங்கள் பக்கத்தில் புதிதாகப் பூசிய சிமெண்டு, அதன்மேல் மாலைகள், மேலே கல்லில் உங்கள் பெயர். "ஹெலன் தங்கபாய்" என்று எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! அதை வெட்டினவனுக்கு நல்ல கை. என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அப்புறம்தான் உங்கள் போனுக்கே அடித்தேன். இறந்தவர்களுடைய போனை யாராவது எடுப்பார்கள், எப்போது போனார்கள் என்று சொல்வார்கள் என்று அடித்தேன். "ஹலோ, யாரு? சத்தமாப் பேசு! கடல்ல நிண்ணா பேசுகே?" என்று நீங்களே கத்தினீர்கள். அவ்வளவு இனிமையான வசவை என் ஆயுசில் நான் கேட்டதில்லை. நீங்கள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அது ஒரு பக்கம். இப்போது கோபத்தையும் எழுதிவிடுகிறேன். கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அப்பா வாங்கின இடம் அது. அண்ணன் பக்கத்தில் ஊர் பேர் தெரியாத ஒரு சின்னப் பெண். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்தாலே எழுந்து நின்றுகொள்கிற மனுஷன் அவர். இனி எப்படி எழுந்து நிற்பார்?

தியாகம் என்று போதகர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் யாருடையதைத் தியாகம் செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மேபல்


மார்த்தாண்டம்
3 டிசம்பர் 2024

அன்புள்ள மேபலுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். போட்டோவால் நீ பட்ட பாட்டுக்கு வருந்துகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். "நல்ல காரியம்னு அனுப்பினேன் பாட்டி" என்கிறாள். நல்ல காரியத்தைப் படமாக அனுப்பினால் இப்படித்தான்.

உன்னைக் கேட்கவில்லை என்பது உண்மை. பிலாய்க்குக் கடிதம் எழுதிப் பதில் வரும்வரை ஐஸ் பெட்டி தாங்காது. அதைத் தவிர இதற்கு மறுமொழி இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை என் பெயருக்கு அடியில் கிடக்கிறது. என் பெயரை எடுத்துவிட்டு ஜாஸ்மியின் பெயரை வெட்ட வேண்டும். அடக்கத்தை அவசரம் என்று போதகர் ஐயா அனுமதித்துவிட்டார். கல்லில் கை வைக்க மட்டும், இடம் உன் அப்பா பெயரில் இருப்பதால், உன் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்கிறது கமிட்டி. ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நேசபாய் வாரம் தவறாமல் வருகிறாள். மரச்சீனிக் கிழங்கு கொண்டுவருவாள், அல்லது ஒரு சீப்பு மட்டிப்பழம். வேண்டாம் என்றாலும் அடுக்களைப் படியில் வைத்துவிட்டுப் போகிறாள்.

அன்புடன்,
ஹெலன் தங்கபாய்


பிலாய்
17 டிசம்பர் 2024

அன்புள்ள மைனிக்கு,

உங்களுக்கும் சபையார் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே பனி. நான் நலம். பேரன் நட்சத்திரம் கட்டச் சொல்லி அடம் பிடிக்கிறான்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. கான்வென்டு சிஸ்டர்கள் பார்த்தால் மெச்சுவார்கள். ஆனால் மைனி, வாசிக்கும்போது யாருக்கோ ஒரு பழைய குடையை எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அண்ணனுக்குப் பக்கத்தில் உங்களுக்கென்று இருந்த இடம் அது. இனி உங்களுக்கு அது இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

கொடுத்தபோது உங்களுக்கு வலித்ததா?

இதை மட்டும் சொல்லுங்கள். தாளும் பேனாவும் என்னிடம் இருக்கின்றன.

மேபல்


மார்த்தாண்டம்
29 டிசம்பர் 2024

அன்புள்ள மேபலுக்கு,

பண்டிகை நன்றாக நடந்தது. முழங்காலை வைத்துக்கொண்டே நாலரை மணி ஆராதனைக்குப் போனேன். பேரனுக்கு நட்சத்திரம் கட்டிக் கொடுத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

அசன விருந்தன்று எனக்குச் சால்வை போட்டார்கள். வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஆனால் மைக்கில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டேன். கைதட்டல் எனக்குச் சரியாகக் கேட்காது. எல்லாருடைய கைகளும் அசைவது தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது, மேபல். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்துவிட்டுத்தான் அதை ஒத்துக்கொண்டேன்.

கான்வென்டில் ஞானச்செண்டு என்று ஒன்று உண்டு. மதர் சுப்பீரியரின் திருநாளுக்குப் பூ கொடுக்கக் கூடாது. யாருக்கும் தெரியாமல் செய்த நற்செயல்களைத் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதுதான் செண்டு. பெயர் எழுதக் கூடாது. நான் ஒருத்திதான் புராட்டஸ்டண்டுப் பிள்ளை, மற்றவர்கள் எல்லாம் கத்தோலிக்கர்கள். ஆகவே என் தாளே பெரிதாக இருக்க வேண்டும் என்று, குருட்டுப் பாட்டி ஒருத்தியைத் தேவையில்லாத நேரத்திலெல்லாம் ரோட்டைக் கடக்க வைத்தேன். பெயர் எழுதவில்லைதான். ஆனால் என் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. நீ கேட்டதை மறக்கவில்லை. நேசபாய் கல்லைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

புத்தாண்டு ஆசீர்வாதங்களுடன்,
ஹெலன் தங்கபாய்


மார்த்தாண்டம்
26 ஜனவரி 2025

அன்புள்ள மேபலுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் சுகம்.

நேசபாய் நேற்று வந்தாள். இப்போதெல்லாம் கிழங்கும் இல்லை, பழமும் இல்லை. வாசலில் நின்றே கேட்டாள்.

"அம்மா, எப்பளாக்கும் பேரு மாத்துகது?"

"பிலாயிலிருந்து கடிதம் வரணும்."

"கடிதாசியா? ஏன், அவியளுக்குப் போன் இல்லியா?"

"போன் இருக்கு. எனக்குத்தான் காது கேட்காது."

"நம்பரு தாருங்க. எனக்கு நல்லா கேக்கும்."

"அது முறை இல்லை, நேசபாய்."

"என்ன முறை அம்மா? எனக்க பிள்ளைக்க மேல ஒங்களுக்க பேரு கெடக்கு. வெளியூருல இருந்து வாறவிய ஒங்களுக்கில்லா பூ வச்சிட்டுப் போறினும். நீங்க என்னடாண்ணா குத்துக்கல்லு மாதிரி இஞ்ச இருக்கியோ!"

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. என்னுடைய இடத்தையே கொடுத்திருக்கிறேன், என் வாசலில் நின்று என்னையே குத்துக்கல் என்கிறாள். நன்றி கெட்டவள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தின பிறகு அந்த வார்த்தை எனக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. நன்றிக்காகவா கொடுத்தாய், ஹெலன்? வாரம் ஒரு சீப்பு மட்டிப்பழத்துக்காகவா? பழம் வந்தபோது வேண்டாம் என்றாய். பழம் நின்றதும் கோபப்படுகிறாய்.

தயவுசெய்து எழுது.

ஹெலன்


பிலாய்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள மைனிக்கு,

நான் நலம். எழுதாமல் இருந்தது உடம்பால் அல்ல, பிடிவாதத்தால்.

நேசபாயை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. என் பேனா அந்த அம்மாளுக்கு எதிராக இல்லை. நீங்கள் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஞானச்செண்டு, சால்வை, மட்டிப்பழம் எல்லாம் எழுதினீர்கள், அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாவித் தாவிப் போகிறீர்கள்.

நீங்கள் கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயசு. அம்மா போய் ஒரு வருஷம். என் தலையில் பேன் இருந்தது. அண்ணனுடைய புது மனைவி, கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் பேசுகிறவள் என்று பயந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் என்னைப் பிடித்து முற்றத்தில் உட்கார வைத்து, புதுப் புடவையோடு, பேன் பார்த்தீர்கள். அதிலிருந்து எனக்கு நீங்கள்தான் வீடு. எத்தனை வருஷம் கழித்து ஊருக்கு வந்தாலும் அப்பா, அம்மா, அண்ணன், நீங்கள் என்று எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கொடுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். சொல்லாமல் போட மாட்டேன்.

மேபல்


மார்த்தாண்டம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மேபலுக்கு,

இந்தக் கடிதத்தை அனீஷுக்கு வாசித்துக் காட்டாதே.

நீ கேட்டது, வலித்ததா என்று. வலிக்கவில்லை. எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னபோது, நெடுநாள் சுமந்த சாமானை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதைத்தான் உனக்கு எழுத முடியாமல் தாவித் தாவிப் போனேன்.

உன் அண்ணன் என்னை அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொன்னதில்லை. குடித்ததில்லை. ஜெபித்தார்.

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஊருக்காக, பள்ளிக்கூடத்துக்காக, சபைக்காக ஜெபிப்பார். கடைசியில் எனக்காக. "கர்த்தாவே, உம்முடைய அடியாளின் பெருமையைத் தாழ்த்தும். இன்று குழம்பில் உப்பை மறந்தது போல அவள் உம்மை மறந்துபோகாதபடி காத்துக்கொள்ளும். படித்திருக்கிறோம் என்ற மேட்டிமையை அவளைவிட்டு நீக்கும்." பிள்ளை இல்லாததையும் அப்படித்தான் ஜெபித்தார், என் உள்ளத்தில் மறைந்திருக்கும் எந்தக் குற்றத்தால் என்று. கண்ணை மூடியிருக்கிற மனுஷனுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? முடிந்ததும் ஆமென் சொல்லலாம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆமென் சொன்னேன். பிறகு சோறு பரிமாறினேன்.

அவர் பொய்யாக ஜெபிக்கவில்லை, மேபல். அதை நீ நம்ப வேண்டும். எனக்கு நன்மை செய்கிறோம் என்று நிச்சயமாக எண்ணித்தான் செய்தார். எனக்கு டைபாய்டு வந்தபோது தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றினவரும் அவர்தான். அவர் போனபோது நான் அழுதது நடிப்பு அல்ல.

ஆனால் அந்தக் கல்லை அவர் உயிரோடு இருக்கும்போதே வெட்ட வைத்தார். என் பெயருக்குக் கீழே, பெண்ணின் அமைதியைப் பற்றி அவரே தேடி எடுத்த ஒரு வசனம். ஈஸ்டருக்குக் கல்லறையைக் கழுவப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். கடைசி எக்காளம் தொனிக்கும் மட்டும் இவர் பக்கத்தில் படுத்து ஆமென் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே என்று தோன்றும். யாரிடம் சொல்ல முடியும்?

அப்போதுதான் அந்த மழை நாள் வந்தது. செயலாளர் அந்த வார்த்தையைச் சொன்னார். நேசபாய் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து எழுந்தேனா, எனக்கு ஒரு கதவு திறந்தது என்று எழுந்தேனா? நாலு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளைப் பார்த்துத்தான் என்று காலையில் தோன்றும். இல்லை என்று மத்தியானம் தோன்றும். ஊர் முழுக்கத் தியாகம் என்கிறது. எனக்கு வேண்டாத ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சால்வை வாங்கியிருக்கிறேன். கடவுளுக்குக் கண்டிப்பாகத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

இதைக் கேட்ட பிறகு கையெழுத்துப் போட மனம் வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை என் பாவத்தோடு சேர்க்காதே.

ஹெலன்


மார்த்தாண்டம்
17 மார்ச் 2025

அன்புள்ள மேபலுக்கு,

என் கடிதம் கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

ஹெலன்


பிலாய்
25 மார்ச் 2025

அன்புள்ள மைனிக்கு,

கிடைத்தது. வாசித்துவிட்டுப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன். அண்ணனைப் பற்றி அப்படி எழுதியதற்கு முதலில் கோபம் வந்தது. சமையல் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று எனக்கே அவர் குரல் கேட்டது. "கணக்கில் தோற்றுப்போன இந்தச் சிறுமியின் சோம்பலைக் கண்ணோக்கும் ஆண்டவரே." என்னையும் அப்படித்தான் ஜெபித்தார்! நான் மறந்தே போயிருந்தேன். நான் நர்சிங் படிக்கக் கிளம்பினதும் எனக்கு அது முடிந்துவிட்டது. உங்களுக்கு முடியவில்லை. அந்த ஜெபத்தின்போது எனக்குச் சிரிப்பு வரும், நீங்கள் என் தொடையைக் கிள்ளுவீர்கள். சிரித்தால் இன்னும் நீளும் என்று கிள்ளினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. நான் போன பிறகு உங்களுக்குக் கிள்ளக்கூட ஆள் இல்லை. அதை நினைத்துத்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை.

என் கோபம் அண்ணனுக்காக இல்லை, மைனி. அவர் பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்றால், எங்கள் குடும்பத்திலிருந்தே எழுந்து போய்விட்டீர்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அறுபத்தேழு வயசில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல நான் போதகர் இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் புண் கழுவியிருக்கிறேன். இரக்கப்பட்டுக் கழுவின நாள் உண்டு. மேட்ரன் பார்க்கிறாள் என்று கழுவின நாள் உண்டு. சீக்கிரம் முடித்தால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கழுவின நாளும் உண்டு. புண் மூன்று நாளும் சுத்தமாகத்தான் ஆனது. என் மனசு சுத்தமானதா என்று கேட்டால் தெரியாது. நீங்கள் எழுந்தபோது உங்களுக்குள் இரண்டு காரணம் இருந்தது. படியில் இருந்த அம்மாளுக்கு ஒன்று போதும். எனக்கு இன்னொன்றும் புரிகிறது. இரண்டையும் அறிந்து உங்களை மதிக்கிறேன்.

சம்மதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நானும் தியாகி இல்லை, பயப்படாதீர்கள். இதை அனுப்பினால் நீங்கள் மறுபடி நீளமாக எழுதுவீர்கள் என்ற ஆசையில் அனுப்புகிறேன்.

இனி உங்களுக்கு எங்கே இடம்? இங்கே எங்கள் கல்லறையில் எல்லாம் வரிசைப்படிதான். என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் ஒரு மலையாள அம்மச்சி, மறு பக்கம் ஒரு ஒரிசாக்காரர். நான் போகும்போது வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே என்னை வைப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. உங்களை அப்படி நினைக்கப் பிடிக்கவில்லை.

மேபல்


மார்த்தாண்டம்
9 ஏப்ரல் 2025

என் அன்பான மேபலுக்கு,

நான் சுகம். இன்று முழங்காலும் சுகம் என்று சொல்லிவிடலாம். சர்க்கரைக்கு நடக்கிறாயா? நட.

கல் வெட்டியாகிவிட்டது. குளச்சலிலிருந்து ததேயுஸ் என்பவர் மெஷினோடு வந்தார். என் பக்கத்தை முழுவதும் தேய்த்து எடுத்தார். என் பெயர் வெள்ளைத் தூளாகப் பறந்தது, வசனமும் போயிற்று. நான் மாஸ்க் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தன் பெயர் கல்லறையிலிருந்து அழிவதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பிறகு "ஜாஸ்மி" என்று வெட்டினார். நேசபாய் அண்டியாபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து அந்த மனுஷனைப் படாதபாடு படுத்தினாள். "சாருக்க பேரு இம்பிடு பெரிசு. எனக்க பிள்ளைக்க பேரு மட்டும் எறும்பு போலயா? நல்லா ஆழமா வெட்டும் ஓய்!" ததேயுஸ் என்னைப் பார்த்தார். "அவள் சொல்கிற மாதிரி வெட்டுங்கள்" என்றேன்.

வேலை முடிந்ததும் நேசபாய் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு உன் அண்ணன் பெயரைப் பார்த்தாள். "சாரு நல்லா ஜெபிப்பாருண்ணு எல்லாரும் சொல்லுகினும். இனி எனக்க பிள்ளைக்கும் சேத்து ஜெபிக்கட்டு" என்றாள். மேபல், நான் என் தொடையையே கிள்ளிக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது, நான் எதற்காகக் கொடுத்தேன் என்ற கேள்வி வரவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. இனியும் வரும். என்னைப் போன்ற பெருமைக்காரிக்கு அது வருவது நல்லதுதான்.

எனக்கு இடம் கேட்டு எழுதினாயே. மேற்கு மதிலோரம், பலா மரத்துக்குக் கீழே, கமிட்டி கொடுத்திருக்கிறது. நிழல் உண்டு, ரோட்டுச் சத்தமும் உண்டு. சத்தம் எனக்குப் பொருட்டல்ல. ஒரு அறையா, இரண்டு அறையா என்று செயலாளர் கேட்டார். தனியாளுக்கு ஒன்று போதுமே என்று அவரே பதிலும் சொன்னார். இரண்டு என்றேன். "இன்னொன்றும் யாருக்காவது தானமா அம்மா?" என்று பக்தியோடு கேட்டார். "தானமும் இல்லை, தர்மமும் இல்லை. எனக்கு என் நாத்தனார் வேண்டும்" என்றேன்.

அது உன்னுடையது. பிலாயில் வரிசையில்தான் இருப்பேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். உன் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார், தெரியும். உனக்கு நல்லது என்று நான் இதைச் செய்யவில்லை. எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

உன் மைனி,
ஹெலன்


பிலாய்
17 ஏப்ரல் 2025

என் மைனிக்கு,

நாளைக்குப் பெரிய வெள்ளி. உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அழுதேன், சிரித்தேன், இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். சர்க்கரையைப் பற்றி இன்று கேட்காதீர்கள்.

இடம் எனக்கு வேண்டும். கல்லறைக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டும் வந்தேன். அவர் எப்போதும் போல ஒன்றும் சொல்லவில்லை. அம்மச்சி துணைக்கு இருக்கிறார்கள்.

ஆனால் மதிலோரத்துக்கு அவசரம் இல்லை. அதற்கு முன்னால் உங்கள் வீட்டில், உங்களோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டும். மே மாதம் முதல் வாரம் வருகிறேன். காது கேட்காத மைனியைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருக்கிறாள், எவ்வளவு நல்ல மனசு என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். மருமகளின் ரொட்டி தின்று நாக்கு செத்துப்போய், சாளை மீன் கறிக்காக வருகிறேன். தேங்காய் அரைத்து, புளி கூட்டி வையுங்கள்.

அனீஷ் டிக்கெட் எடுத்துவிட்டான். திரும்பி வருகிற டிக்கெட்டையும் எடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேபல்